மாதக் கடைசியில் வந்த புயல்

கேள்வி: 2005-இல் கத்ரீனா சூறாவளி வருவதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்தும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஏழைகள் ஏன் வெளியேறவில்லை? அமெரிக்க அரசு தன் கடமையைச் செய்ததா?

இந்தக் கேள்வியை இருபது வருடங்களாகப் பல பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கும்: "சொன்னார்கள், கேட்கவில்லை, பட்டார்கள்." நீங்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதே கேள்வியை நானும் ஒருவரிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கிறேன். கேட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அப்போது நான் ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செப்டம்பர் மாத முதல் சனிக்கிழமை, ஆஸ்ட்ரோடோம் என்ற பழைய விளையாட்டு அரங்குக்குத் தொண்டு வேலைக்குப் போனேன். நியூ ஆர்லியன்சிலிருந்து பேருந்துகளில் கொண்டுவரப்பட்டவர்களை அங்கே தங்க வைத்திருந்தார்கள். ஆடுகளம் முழுவதும் மடக்குக் கட்டில்கள். தூண்களிலும் சுவர்களிலும் அட்டைத் துண்டுகள். "அம்மா, நாங்கள் மூன்று பேரும் இங்கே இருக்கிறோம்", "என் தம்பியைப் பார்த்தீர்களா, வயது 9" என்று பெரிய எழுத்துகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த வேலை, நிவாரண விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது. எங்கள் ஊர்த் தபால் நிலைய வாசலில் மணியார்டர் பாரம் எழுதித் தரும் பெரியவரின் வேலையைத்தான் அன்று நான் செய்தேன்.

என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் எழுபத்தோரு வயதான ஓர் அம்மாளும் இருந்தார். நியூ ஆர்லியன்சில் பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு பகுதிக்காரர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் இரத்த அழுத்த மாத்திரை டப்பா ஒன்றும், நான்காக மடித்த மின்கட்டண ரசீது ஒன்றும் இருந்தன. கழுத்தளவு தண்ணீரில் எதை எடுப்பது, எதை விடுவது என்று நினைக்க முடியாத நேரத்தில் மின்கட்டண ரசீதை எடுத்து வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "எங்கே போனாலும் முதலில் விலாசத்துக்கு ஆதாரம்தானே கேட்பார்கள்" என்றார். ஏழைக்கு அரசாங்கம் என்றால் என்னவென்று அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பேச்சுவாக்கில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "முன்னாலேயே கிளம்பியிருக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் முன்பின் தெரியாதவர்களைக்கூட "பேபி" என்றுதான் அழைப்பார்கள், நம் பாட்டிமார் "கண்ணு" என்பது போல. "புயல் வந்தது என்ன தேதி, கண்ணு?" என்று கேட்டார்.

"29."

"என் மாதப் பணம் வருவது 3-ஆம் தேதி. என் பர்சில் பதினொரு டாலர் இருந்தது. பதினொரு டாலரில் எவ்வளவு தூரம் போகலாம், சொல்."

இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். மீதியெல்லாம் விளக்கம்.

ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எல்லோரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று நகர மேயர் ரே நாகின் உத்தரவிட்டார். மறுநாள் காலை புயல் கரையேறிவிட்டது. நெடுஞ்சாலைகளின் இரு பக்கத் தடங்களையும் வெளியே போகும் வழியாக மாற்றினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சாலைகளில் தப்பித்தார்கள். அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே நடந்தது. ஆனால் அது கார் வைத்திருப்பவனுக்காகப் போட்ட திட்டம். நகரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான குடும்பங்களிடம் கார் கிடையாது. ஆள் கணக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களுக்காக ஓடிய நகரப் பேருந்துகள் ஊருக்கு வெளியே போகவில்லை. ஊருக்குள்ளேயே இருந்த சூப்பர்டோம் அரங்கில் கொண்டுபோய் இறக்கின. பள்ளிப் பேருந்துகள் ஓட்டுநர்கள் இல்லாமல் நிறுத்திய இடத்திலேயே நின்று, வரிசை வரிசையாக நீரில் மூழ்கின. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்று சொல்லவே முடியாது. 2004 ஜூலையில் 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயரிட்டு, மத்திய, மாநில அதிகாரிகள் ஒன்றாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். நகரத்தின் வெள்ளத் தடுப்புக் கரைக்கு மேலே தண்ணீர் வரும், நகரம் மூழ்கும், வெளியேற முடியாதவர்கள் பெருந்தொகையாகச் சிக்கிக்கொள்வார்கள் என்று அந்த ஒத்திகையிலேயே வந்தது. 2005 ஜூலையில், அதாவது கத்ரீனாவுக்கு ஒரே மாதத்துக்கு முன்னால், உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி வெளியானது. பெரும் புயல் வந்தால் உங்கள் பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏழை மக்களுக்கு எடுத்துச் சொல்ல அதிகாரிகள் குறுந்தகடு தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அந்தச் செய்தி. கார் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. அந்தக் கணக்குக்கு அவர்கள் கண்ட விடை ஒரு குறுந்தகடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்ததில் காற்றுக்கு இருந்த பங்கைவிடக் கரை உடைந்ததற்குத்தான் பெரிய பங்கு. 17-ஆம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் இரண்டிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே சுவர் சாய்ந்தது. கட்டியது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. வடிவமைப்பிலேயே தவறு இருந்ததை அந்தப் படையே 2006-இல் ஒப்புக்கொண்டது. நகரத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. "எச்சரித்தும் போகவில்லையே" என்று கேட்கிறவர்கள், அந்தக் கரையை நம்பும்படி நாற்பது வருடங்களாகச் சொல்லிவந்தது யார் என்றும் கேட்க வேண்டும். 1965-இல் பெட்சி புயலில் இதே லோயர் நைன்த் வார்டு மூழ்கியது. அதற்குப் பிறகுதான் புதிய கரைகளைக் கட்டத் தொடங்கினார்கள். அந்த அம்மாள் பெட்சியையும் பார்த்தவர். கூரையை வெட்டி வெளியேறுவதற்காக, அந்தப் பகுதியின் மற்றப் பழைய ஆட்களைப் போல, வீட்டுப் பரணில் அவரும் ஒரு கோடாலி வைத்திருந்தார். அரசின் கரையைவிட அந்தக் கோடாலிதான் அவருக்குக் கைகொடுத்தது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் படகில் வந்து கூரையிலிருந்து இறக்கியிருக்கிறான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. சூப்பர்டோமில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், கூரை பிய்ந்து, மின்சாரம் போய், கழிப்பறைகள் நிரம்பி வழிந்த நிலையில் நாள்கணக்கில் கிடந்தார்கள். மக்கள் ஒதுங்கிய இன்னோர் இடமான மாநாட்டு மையத்தின் நிலைமை அதைவிட மோசம். அங்கே போனவர்களுக்கு உணவும் தண்ணீரும் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தன. திங்கட்கிழமை அடித்த புயலுக்கு வெள்ளிக்கிழமை தண்ணீர்! மத்தியப் பேரிடர் நிறுவனமான ஃபெமாவின் தலைவர் மைக்கேல் பிரவுன், அங்கே மக்கள் இருப்பதே வியாழக்கிழமைதான் தங்களுக்குத் தெரியவந்தது என்றார். அதற்கு முன்பே தொலைக்காட்சிக் கேமராக்கள் அங்கே போய்விட்டிருந்தன. அதே நாளில், சாவு எண்ணிக்கை உயர்வதற்கு எச்சரிக்கையைக் கேட்காதவர்களும் பெரிய காரணம் என்றும் சொன்னார். அவர் ஃபெமாவுக்கு வருமுன் அரேபியக் குதிரைச் சங்கம் ஒன்றில் பொறுப்பு வகித்தவர். பேரிடர் அனுபவம் அதிகம் இல்லாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் குற்றம்? ஃபெமாவையே 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் கரைத்து, பயங்கரவாதத்தை முதலிடத்திலும் புயலை அதற்குப் பின்னாலும் வைத்துவிட்டிருந்தார்கள். செப்டம்பர் 12-ஆம் தேதி பிரவுன் பதவி விலகினார்.

நடந்தாவது போய்விடலாம் என்று பாலத்தின் வழியே மிசிசிப்பி ஆற்றைக் கடக்கப் பார்த்தவர்களை, எதிர்க்கரையில் இருந்த கிரெட்னா நகரத்துப் போலீசார் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். வெளியேறவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெளியேற முயன்றபோது நடந்தது இது.

இறந்தவர்களின் எண்ணிக்கையாக 1,833 என்பதைத்தான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2023-இல் தேசியச் சூறாவளி மையம் அதை 1,392 என்று திருத்தியது. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 75 வயதை எட்டியவர்கள். முடியாதவர்கள்தான் செத்தார்கள். இதற்குமேல் இந்தப் பகுதியில் என்னால் எழுத முடியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அரசின் பெரிய தவறு புயல் வாரத்தோடு முடியவில்லை. வீடு இழந்தவர்களுக்காக லூசியானாவில் 'ரோடு ஹோம்' என்ற திட்டம் வந்தது. பணம் மத்திய அரசுடையது. உதவித்தொகையின் உச்சவரம்பு 150,000 டாலர். வீட்டின் புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்க ஆகும் செலவு இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்போலத்தான் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே அளவிலான இரண்டு வீடுகள், இரண்டையும் சரிசெய்ய ஒரு லட்சம் டாலர் வேண்டும். வெள்ளையர் பகுதியில் இருக்கும் வீட்டின் மதிப்பு ஒன்றரை லட்சம், அதனால் செலவு முழுவதும் கணக்கில் வரும். கறுப்பினத்தவர் பகுதியில் அதே வீட்டின் மதிப்பு அறுபதாயிரம், அதனால் அறுபதாயிரம்தான். சிமென்டும் மரமும் ஆள் கூலியும் இரண்டு பேருக்கும் ஒரே விலை. மீதி நாற்பதாயிரத்துக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? கறுப்பினத்தவர் குடியிருப்பு என்பதனாலேயே தலைமுறை தலைமுறையாக மதிப்பு குறைத்துப் போடப்பட்ட வீடுகள் அவை. அந்தப் பழைய அநியாயத்தை அடித்தளமாக வைத்துப் புதிய உதவியைக் கட்டினார்கள். இதை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் 2008-இல் வழக்குப் போட்டார்கள். 2011-இல் 6 கோடியே 20 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் ஆறு வருடங்கள் ஓடிவிட்டன.

லோயர் நைன்த் வார்டுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. தாத்தா கட்டியது, அப்பா ஓர் அறை சேர்த்தது என்று வந்த வீடுகள். கடன் இல்லாத வீடு என்பது குடும்பத்துக்குப் பெருமை. ஆனால் வீட்டுக்கடன் இருந்தால்தான் வங்கி வெள்ளக் காப்பீடு எடுக்கச் சொல்லி வற்புறுத்தும். கடன் இல்லாததால் காப்பீடும் இல்லாமல் போயிற்று. பத்திரமோ இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். பட்டா மாற்றாமல் அனுபவித்துவரும் நம் ஊர்ப் பூர்வீக வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கதைதான். அந்த அம்மாளின் வீடும் அப்படித்தான். அவருடைய அப்பா பெயரில் இருந்தது. உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர், அவர்களில் மூவர் உயிரோடு இல்லை, அவர்களுடைய பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி ஓர் அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. மறுபடியும் வந்தது. மூன்றாவது கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை. அந்த மின்கட்டண ரசீது எதற்கும் உதவவில்லை.

வாடகைக்கு இருந்தவர்கள் நிலைமை வேறு விதம். பெரிய அளவில் சேதமடையாத அரசுக் குடியிருப்புகளையும் சேர்த்து இடிக்க 2007 டிசம்பரில் நகர மன்றம் ஒருமனதாக வாக்களித்தது. சுமார் 4,500 வீடுகள். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த, 1736-இல் தொடங்கிய சாரிட்டி மருத்துவமனை மூடப்பட்டது, மூடப்பட்டதுதான். ஊருக்குத் திரும்பு என்று வாயால் சொல்லிக்கொண்டே வீட்டையும் மருத்துவமனையையும் எடுத்துவிட்டால் யார் திரும்ப முடியும்?

வெளிநாடுகளும் உதவின. சுனாமியிலிருந்து எழுந்து நிற்கவே தடுமாறிக்கொண்டிருந்த இலங்கைகூட 25,000 டாலர் கொடுத்தது. அந்தச் செய்தியைச் சொன்னபோது அந்த அம்மாள் இலங்கை எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஒரு காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னார்.

அவர் ஹூஸ்டனிலேயே ஒரு சிறிய அடுக்ககத்தில் தங்கிவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அவர் அதிகம் பேசியது வாசல் படியைப் பற்றித்தான். வெயில் தாழ்ந்ததும் தெருவில் எல்லோரும் அவரவர் வீட்டுப் படியில் வந்து உட்காருவார்களாம். போகிறவர், வருகிறவர், தெருவின் கதை முழுவதும் அங்கேதான். திண்ணை என்ற நம் சொல்லை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "தின்னே" என்று சொல்லிச் சிரிப்பார்.

2010-இல் வேலையாக நியூ ஆர்லியன்ஸ் போக நேர்ந்தபோது, தன் தெருவைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அந்த வருடக் கணக்கெடுப்பில் லோயர் நைன்த் வார்டில் 2,842 பேர். 2000-ஆம் ஆண்டில் அங்கே இருந்தவர்கள் சுமார் 14,000. தெருவில் நான் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டியவரை புல். வீட்டு எண் நடைபாதை ஓரத்துச் சிமென்டில் பாதி அழிந்திருந்தது. அதற்கு நேரே, வீடு இல்லாத இடத்தில் மூன்று படிகள் மட்டும் நின்றன. அங்கிருந்தே அவருக்கு ஃபோன் செய்தேன்.

"புல் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

"என் இடுப்பு வரை."

"படி இருக்கிறதா?"

"மூன்றும் இருக்கின்றன."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வெயில் தாழ்ந்திருக்கும் இப்போது. சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வா, கண்ணு."