மதிலை உயர்த்தினால் மாடிப் பார்வை நின்றுவிடுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் கடலுக்கு அண்மித்த ஒழுங்கை ஒன்றில், எட்டு பேர்ச் காணியில் உள்ள பழைய வீட்டில் வசிக்கிறோம். பின்வளவில் கிணறும் துணி துவைக்கும் கல்லும் இரண்டு செவ்வரத்தைச் செடிகளும் உள்ளன. பின்பக்க எல்லையில் ஐந்து அடி உயரமான பழைய மதில் ஒன்று இருக்கிறது. அதன் நீளம் நாற்பது அடி. அதற்கு அப்பால் இருந்த ஓட்டு வீட்டை இடித்து, இப்போது நிலத்தளமும் மேலே மூன்று மாடிகளும் கொண்ட தொடர்மாடி எழுப்பியிருக்கிறார்கள். கிணற்றடிக்கு அம்மா போவதையே விட்டுவிட்டார். பழைய மதிலின் மேல் நான்கு அடிக்குத் தகடு அடித்தால் போதும், இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒரு மேசன் சொல்கிறார். அவரை நம்பிச் செய்யலாமா? அனுமதி எடுக்க வேண்டுமா? எந்தப் பொருள் நல்லது?
(வாசகி ஒருவர், கொழும்பு 06)

பதில்: உங்கள் மேசன் சொல்லும் வேலையை இரண்டு நாளில் முடிக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த நான்கு அடித் தகடு உங்கள் அம்மாவை மீண்டும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து சேர்க்காது. பொருளையும் விலையையும் பேசுவதற்கு முன், பார்வை எங்கிருந்து எங்கே வருகிறது என்பதை ஒரு தாளில் கோடிட்டுப் பாருங்கள்.

எதிர்க் கட்டடம் எல்லையிலிருந்து எட்டு அடி தள்ளி நிற்கிறது என்றும், உங்கள் துவைக்கும் கல் எல்லையிலிருந்து பன்னிரண்டு அடி உள்ளே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதலாம் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 15 அடி உயரத்தில் இருக்கும். கல்லருகே நிற்பவரின் தலை 5 அடி உயரத்தில் இருக்கும். இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடு எல்லையை 11 அடி உயரத்தில் கடந்து வருகிறது. இரண்டாம் மாடிக் கண்ணுக்கு அதே இடத்தில் 17 அடி தேவைப்படும். ஐந்தடி மதிலோடு நான்கடித் தகடு சேர்ந்தால் ஒன்பது அடிதான் ஆகும். ஆகவே முதலாம் மாடிக்காரர்கூட எதையும் இழக்கப் போவதில்லை. நீங்கள்தான் பின்வளவின் காற்றையும் மாலை வெளிச்சத்தையும் இழப்பீர்கள்.

அதே மறைப்பைத் துவைக்கும் கல்லிலிருந்து மூன்று அடி தூரத்தில் நிறுத்திக் கணக்கைத் திரும்பப் போட்டால், முதலாம் மாடிக்கு ஆறரை அடியும் இரண்டாம் மாடிக்கு எட்டு அடியும் போதும். மூன்றாம் மாடிக்கு ஒன்பதரை அடி வேண்டும் என்பதால், அந்தப் பார்வைக்கு மறைப்பை உயர்த்துவதை விடத் தலைக்கு மேல் ஒரு சிறு பந்தல் போடுவதே முறை. என் அபிப்பிராயம் இதுதான்: எல்லையில் நிற்கும் வேலி நிலத்தளத்துப் பார்வையை மட்டும் மறைக்கட்டும், மாடிப் பார்வையை நீங்கள் புழங்கும் இடத்துக்கு அருகிலேயே மறியுங்கள். கிணற்றடிக்கும் கல்லுக்கும் பொதுவாக, எல்லைப் பக்கத்தில் எட்டு அடி உயரத்துக்கு மரச்சட்டத் தட்டி ஒன்றும், அதன் மேலிருந்து வீட்டுச் சுவர் வரை கம்பிப் பந்தலும் அமைத்து, சங்குப்பூக் கொடியையோ பாஷன் பழக் கொடியையோ ஏற்றிவிட்டால், இந்த ஊர் மழைக்கு ஓராண்டுக்குள் கூரை போல மூடிக்கொள்ளும். கிணற்றின் வாய்க்கு நேர்மேலே மட்டும் கொடியைப் படர விடாதீர்கள். சருகு விழுந்து தண்ணீர் கெட்டுப்போகும்.

இனி எல்லைக்கு வருவோம். பழைய மதில் யாருடையது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் அதன் மேல் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். தூண் புடைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது, பூச்சு எந்தப் பக்கம் வழுவழுப்பாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்து உரிமையாளரைத் தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு என்றாலும், அது வெறும் ஊகமே. காணி உறுதியையும் அதில் குறிப்பிட்டுள்ள நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு, பதிவு பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லையைக் குறித்து வாங்குங்கள். மதில் எல்லைக் கோட்டின் மீதே நிற்பதாகத் தெரிந்தால் அது இரு வீட்டாருக்கும் பொதுவானதாக இருக்கக்கூடும். அப்படியானால் அயலவரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி அதை உயர்த்துவது வழக்கை வலிய அழைப்பதாகும். உறுதியை வாசிக்கும்போது பாதை உரிமை, வாய்க்கால் உரிமை என்று எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கொழும்புக் காணிகளில் பின்பக்கமாகத் துப்புரவுத் தொழிலாளர் வந்துபோக விடப்பட்ட ஒடுங்கிய வழிகளை இன்றும் காணலாம். அவற்றை வேலியால் அடைத்துவிட்டு, பிறகு பிரித்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வம்பு எதற்கு என்று சிலர் பழைய மதிலை இடித்துவிட்டு, தமது பக்கமாக ஓர் அடி தள்ளிப் புதியதைக் கட்டுவார்கள். நாற்பது அடி நீளத்துக்கு ஓர் அடி என்றால் நாற்பது சதுர அடி, அதாவது ஒரு பேர்ச்சில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அந்த நிலத்தை அயலவர் தம்முடையதாகவே வைத்து, உங்கள் உரிமையை ஏற்காமல், தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டுவந்தால், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர் உரிமை கோர வழி பிறக்கிறது. ஆகவே மதிலை இடிப்பதாயின் எல்லைக் கற்களைப் படம் பிடித்து, அளவைப் படத்தின் பிரதியோடு அயலவருக்கு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.

அனுமதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபையின் எல்லைக்குள்ளும், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டும் இருப்பதால், எல்லை மதில் கட்டுவதற்கு மாநகர சபையின் அனுமதி வேண்டும். உறுதியின் பிரதி, அளவைப் படம், மதிலின் வரைபடம் ஆகியவற்றோடு திட்டமிடல் பிரிவுக்குச் சென்று, உயரம் பற்றிய நிபந்தனையையும் சேர்த்து எழுத்தில் வாங்கிய பின்னரே மேசனுக்கு முற்பணம் கொடுங்கள். ஒழுங்கைப் பக்கத்திலும் கை வைக்கும் எண்ணம் இருந்தால் வீதிக் கோடு (வீதியை அகலமாக்க ஒதுக்கிய எல்லை) எங்கே போகிறது என்று கேட்டு அறிவது அவசியம்.

இப்போது மேசன் சொன்ன தகட்டைப் பற்றி. அக்காலத்தில் ஒற்றைக் கல் கனத்தில் கட்டிய ஐந்தடி மதிலின் அத்திவாரம் அந்த ஐந்தடியைத் தாங்குவதற்கு மட்டும் போடப்பட்டது. அதன் தலையில் தகட்டை நிறுத்தினால் அது படகின் பாய் போலக் காற்றை வாங்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, ஆறடி உயரமும் எட்டடி அகலமும் கொண்ட ஒரு தகட்டை ஏறக்குறைய 90 கிலோ விசையோடு தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கும்போது கடற்கரை ஒழுங்கைகளில் காற்று எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் சொந்த வீட்டிலேயே, குழி எவ்வளவு ஆழம் என்று பாராமல் மேசனை நம்பி நிறுத்திய தகர வேலி ஒன்று முதல் மழைக்கே அயல் வீட்டு மாமரத்தின் மீது சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் தூண்களில் சில ஓர் அடிகூட மண்ணுக்குள் போயிருக்கவில்லை.

உங்கள் காணிக்கு நான் சொல்வது இது. பழைய மதிலை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் அத்திவாரம் உங்கள் பக்கமும் சற்று நீண்டிருக்கும் என்பதால், அதைத் தோண்டிவிடாதபடி ஓர் அடி தள்ளி, எட்டு அடிக்கு ஒன்றாக ஆறு தூண்களைத் தனியே நிறுத்துங்கள். ஆறரை அடி உயரத்துக்குத் தூண் குறைந்தது இரண்டரை அடியாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். கடலோர மணல் மண்ணில் மூன்று அடி போட்டால் நல்லது. கீழே நான்கு அடிவரை பழைய மதிலே மறைப்பதால் பலகையை நான்கு அடியிலிருந்து ஆறரை அடி வரை மட்டும் அடித்தால் போதும். அப்படிச் செய்தால் காற்று தள்ளும் பரப்பு பாதிக்கும் கீழே குறைகிறது, செலவும் குறைகிறது, இடையில் விழும் சருகைக் கூட்டி எடுக்கவும் முடிகிறது. அந்த ஓரடி இடைவெளிக்குச் சீமெந்து போட்டு, தண்ணீர் வழிந்தோடச் சரிவு கொடுக்க மறக்க வேண்டாம்.

பொருளைப் பொறுத்தவரை, அமானோ தகடு என்று பேச்சில் வழங்கும் நாக அலுமினியப் பூச்சுத் தகடு கடலுக்குத் தொலைவான ஊர்களில் நீண்ட காலம் உழைத்தாலும், உப்புக் காற்றில் வெட்டிய விளிம்பிலிருந்தும் ஆணித் துளையிலிருந்தும் துருப்பிடிக்கத் தொடங்கும். ஈரச் சீமெந்து பட்டாலும் அந்தப் பூச்சு அரிக்கும். ஆகையால் தகட்டின் அடியைக் கொங்கிறீற்றுக்குள் புதைப்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருப்பவர்களுக்கு என் முதல் தெரிவு வார்த்தெடுத்த கொங்கிறீற்றுத் தூண்களும், அவற்றுக்கிடையே அரை அங்குல இடைவெளி விட்டு அடித்த மரப்பலகைகளும்தான். அந்த இடைவெளி வழியே காற்றின் ஒரு பகுதி கடந்துவிடும். பலகை மண்ணைத் தொடாததால் கறையானும் எளிதில் ஏறாது. மூங்கில் தட்டி அழகாக இருக்கும், ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் இடத்தில் அதை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலியை ஆண்டுதோறும் அடைத்துப் பழகியவர்களுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றாது. அந்த வேலிகளில் அயல் வீட்டுக்குப் போய்வர ஒரு பொட்டு, அதாவது சிறு திறப்பு, விட்டிருப்பார்கள். தொடர்மாடிக்காரரோடு உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: தூணுக்கு இரும்புக் குழாயைப் பயன்படுத்தினாலும் மூங்கிலைப் பயன்படுத்தினாலும் அதன் மேல்வாய் திறந்திருந்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். மூடி போடுங்கள், அல்லது மணலால் நிரப்பிச் சீமெந்து பூசுங்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் வளவை வைத்திருப்பவரே பொறுப்பாளி. வேலி அடித்த மேசன் அல்லர்.

வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொண்டால் குழிக்குள் தண்ணீர் ஊறும் தொல்லை குறையும். கூலியை நீள அடிக் கணக்கில் எழுதி வாங்குங்கள். குழி ஆழம், தூண் இடைவெளி, இடிபாடுகளை அகற்றுவது யார் என்பவையும் அதில் இருக்கட்டும். குழிகளை நீங்கள் கோல் போட்டு அளந்து பார்க்கும்வரை கொங்கிறீற்று ஊற்றக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அயல் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் அரை அடி வந்து மதில் கட்டுகிறார் என்று நினைக்கிறோம். நேரே நீதிமன்றம் போவதா?
(வாசகர் ஒருவர், தெஹிவளை)

பதில்: நினைப்பது போதாது; முதலில் அளந்து பாருங்கள். அளவையாளரின் அறிக்கை உங்கள் பக்கம் இருந்தால், அதன் பிரதியோடு வேலையை நிறுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறாகக் கட்டப்படுவதாக இருந்தால் உங்கள் மாநகர சபைக்கும் முறையிடலாம். அதன் பிறகு, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபையை நாடுங்கள். அங்கே சட்டத்தரணிகள் தோன்றி வாதாடுவதில்லை. இரு தரப்பும் நேருக்கு நேர் அமர்ந்து பேச வேண்டும். தீர்வு கிட்டாவிட்டால் அதற்கான சான்றிதழைத் தருவார்கள். கட்டட வேலை விரைவாக நடந்துகொண்டிருந்தால் மட்டும், தடையுத்தரவு பெறுவது குறித்துச் சட்டத்தரணி ஒருவரிடம் அன்றைக்கே கேளுங்கள். மதில் எழும்பி முடிந்த பின் இடிப்பிப்பது வேறு கதை.

கேள்வி: பம்பலப்பிட்டியில் தொடர்மாடியில் இருக்கிறோம். பல்கனியை மூங்கில் தட்டியால் மறைக்கலாமா?
(வாசகி ஒருவர், கொழும்பு 04)

பதில்: கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றும் எதற்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் (தொடர்மாடி வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த நிர்வாக அமைப்பின்) சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். அதற்கு மனமில்லையென்றால், கைப்பிடிச் சுவரின் உட்பக்கமாகத் தொட்டிகளில் கொடி வளர்த்து உள்ளேயே ஒரு சட்டத்தில் ஏற்றிவிடுங்கள். எதைச் செய்தாலும் கம்பிகளில் கட்டிய தட்டியைப் பிளாஸ்ரிக் கயிற்றை நம்பி விடாதீர்கள். வெயிலில் அது ஓராண்டில் நொறுங்கும், கீழே வாகனத் தரிப்பிடம் இருக்கிறது.