ஐந்து வகுப்புகள், ஓர் அறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் ஒரே ஆசிரியரிடம் படிப்பது சரிவருமா என்பதே அந்தக் கவலை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் முதல் மூன்று வகுப்புகளும் ஒன்றாகவே உட்காருகின்றன. ஆசிரியை மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது இவள் சும்மாதானே இருப்பாள்? படிப்பு பின்தங்கிவிடாதா? நகரத்துப் பள்ளியில் சேர்த்துவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். (ஒரு தாய்)

பதில்: அம்மா, தங்கள் கவலை நியாயமானது. ஆனால் உறவினர்கள் சொல்லும் காரணம் மட்டும் பள்ளியை மாற்றுவதற்குப் போதாது. வயதுவாரியாகப் பிரித்து உட்கார வைப்பதுதான் இயல்பு என்றும், சேர்த்து உட்கார வைப்பது ஆள் பற்றாக்குறைக்கான சமாளிப்பு என்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 1907ஆம் ஆண்டு உரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 'குழந்தைகள் இல்லம்' என்னும் தம் முதல் சிறுவர் பள்ளியைத் தொடங்கியபோது, வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில்தான் இருந்தார்கள். அவர் பெயரால் இன்று நடக்கும் பள்ளிகள், ஆசிரியர்கள் போதுமான அளவு இருந்தாலும், மூன்று மூன்று வயதுகளாகச் சேர்த்தே வகுப்பு அமைக்கின்றன. நகரத்தில் கட்டணம் செலுத்திப் பெறும் ஏற்பாடு, சிற்றூரில் இருந்தால் மட்டும் குறையாகத் தோன்றுவது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் சைமன் வீன்மன், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பல வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் அறைகளில் கற்றல் அடைவு மற்ற வகுப்பறைகளைவிடக் குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை என்பதே அவருடைய முடிவு. அடுத்த ஆண்டே மேசன், பர்ன்ஸ் என்னும் இருவர் அதற்கு மறுப்பு எழுதினார்கள். பல இடங்களில் தாமாகவே வேலை செய்யக்கூடிய பிள்ளைகளையும் திறமையான ஆசிரியர்களையும் பார்த்து இத்தகைய வகுப்புகளில் போடுகிறார்கள், அந்தச் சாதகம் இருந்தும் முடிவு சமமாக வருகிறதென்றால் இம்முறையில் எங்கோ ஒரு சிறு இழப்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டாவது தரப்பும் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. திட்டமில்லாமல் நடத்தினால் இழப்பு உறுதி.

ஆகவே தாங்கள் பார்க்க வேண்டியது, ஆசிரியை அருகில் இல்லாத நேரத்தில் மகள் என்ன செய்கிறாள் என்பதை. "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் ஒழுங்காகப் பதில் சொல்லாது. "டீச்சர் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கதையை வாசித்ததாகவோ, பக்கத்துப் பிள்ளையோடு கணக்கு அட்டைகளை அடுக்கியதாகவோ, அக்காக்களின் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவோ சொன்னால் கவலை வேண்டாம். முன்பே எழுதியதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்ததாகப் பல நாள் தொடர்ந்து சொன்னால், ஆசிரியையிடம் போய்ப் பேசுங்கள். பள்ளியை மாற்றுவது அதற்கும் பிறகு யோசிக்க வேண்டியது.

கேள்வி: அண்மையில் பணியில் சேர்ந்த ஆசிரியர் நான். ஐந்து வகுப்புகளுக்கும் நான் ஒருவனே. ஒரு பாடவேளையை ஐந்தாகப் பிரித்து வகுப்புக்கு எட்டு எட்டு நிமிடமாக நடத்திப் பார்க்கிறேன். எதுவும் முடிவதில்லை, தொண்டைதான் வற்றுகிறது. கால அட்டவணையை எப்படி அமைப்பது? (ஓர் ஆசிரியர்)

பதில்: முதலில் அந்த எட்டு நிமிடக் கணக்கைக் கைவிடுங்கள். ஐந்து தனித்தனிப் பள்ளிகளை ஒரே அறையில் நடத்த எவராலும் முடியாது. பிள்ளைகளை இரண்டு குழுக்களாக எண்ணிக்கொள்ளுங்கள்: எழுதிக் கொடுத்ததைத் தானே படித்துச் செய்யக்கூடியவர்கள், இன்னும் அந்த நிலைக்கு வராதவர்கள். வகுப்பு எண்ணைவிட இந்தப் பிரிவே நாள்தோறும் உங்களுக்கு உதவும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் இரண்டாவது குழுவில் இருக்க நேர்ந்தால் அவனை அங்கேயே வையுங்கள், ஆனால் அதை ஊரறியச் சொல்ல வேண்டாம்.

பாடங்களையும் அவ்வாறே பிரிக்கலாம். வாசிப்பும் கணக்கும் படிப்படியாக ஏற வேண்டியவை. கூட்டல் தெரியாதவனுக்குப் பெருக்கல் சொல்ல முடியாது. அறிவியலும் சமூக அறிவியலும் தொடக்க வகுப்புகளில் பெரும்பாலும் அப்படி அல்ல. செடியின் பாகங்களை முதலில் படித்துக் காற்றைப் பிறகு படித்தாலும், மாற்றிப் படித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. எனவே மூன்று, நான்காம் வகுப்புகளின் அறிவியல் பாடங்களைச் சேர்த்து, ஓராண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறு பாதி என்று சுழற்சியில் நடத்தினால், இரு வகுப்புக்கும் ஒரே பாடமாகிவிடும். உங்கள் பாடவேளைகளில் கணிசமான பகுதி இதிலேயே மிச்சமாகும். மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு வருபவர் நான்காம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்கும்போதுதான் இந்த யோசனையின் அருமை தெரியும்.

காலையில் எந்தக் குழுவிடம் முதலில் போவது என்பதில் பலர் தவறுகிறார்கள். பெரிய வகுப்புக்குப் பாடம் அதிகம் என்று அங்கே தொடங்கினால், சிறு பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் அறையைச் சந்தையாக்கிவிடுவார்கள். மணி அடிப்பதற்கு முன்பே கரும்பலகையின் ஒரு பாதியில் பெரியவர்களுக்கான வேலையை எழுதிவிட்டு, முதல் இருபது நிமிடமும் தரையில் சிறுவர்களோடு உட்காருங்கள். பெரியவர்களுக்கு ஐயம் வந்தால் என்ன செய்வது என்பதை முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்: முதலில் கணக்கை மறுபடி படிப்பது, பிறகு பக்கத்திலிருப்பவரைக் கேட்பது, அதற்கும் விளங்காவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது, கடைசியாகத்தான் உங்களிடம் வருவது. விடைகளைத் தனி அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டால், பிள்ளைகள் தாமே சரிபார்த்துக்கொள்வார்கள். பார்த்து எழுதிவிடுவார்களே என்று அஞ்ச வேண்டாம். விடையோடு வழியையும் எழுதச் சொன்னால், பார்த்து எழுதியது உடனே தெரிந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாளாவது எல்லா வகுப்புக்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நீரை அளத்தல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு லிட்டர் பாத்திரம், வெவ்வேறு வடிவத்தில் நான்கைந்து குவளைகள் போதும். முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாத்திரம் நிறைய எத்தனை குவளை பிடிக்கிறது என்று எண்ணுகிறார்கள். இரண்டாம் வகுப்பினர் எண்ணியதை எழுதி, எது அதிகம், எத்தனை அதிகம் என்று கழிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பினர் ஊற்றுவதற்கு முன்னால் உத்தேசமாக ஓர் அளவு சொல்லிவிட்டு, பிறகு அளந்து பார்க்கிறார்கள். நான்காம் வகுப்பினர் ஒரு குவளைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று வகுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பினர் ஒரே குவளையை ஐந்து முறை அளந்து, ஐந்து விடைகளும் ஏன் ஒன்றாக இல்லை என்று பேசிச் சராசரி எடுக்கிறார்கள். உயரமான ஒல்லிக் குவளையில்தான் நீர் அதிகம் என்று சின்னவன் ஒருவன் அடித்துச் சொல்வான். அதே நீரை அகன்ற குவளையில் ஊற்றிக் காட்டிய பிறகும் அவன் நம்பமாட்டான். திருத்த அவசரப்படாதீர்கள். அவன் வயதுக்கு அது இயல்பான எண்ணம், இன்னும் பல முறை ஊற்றிப் பார்த்தபின் தானே மாறும்.

இவற்றையெல்லாம் முறைப்படுத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். கொலம்பியாவில் 1970களின் நடுவில் விக்கி கோல்பெர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' திட்டம், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென்றே தாமாகப் படித்துச் செல்லும் கற்றல் கையேடுகளை உருவாக்கியது. நோயாலோ அறுவடை வேலையாலோ பள்ளிக்கு வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட பக்கத்திலிருந்தே தொடரலாம். ஆந்திரத்தின் ரிஷிவேலியில், சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக பாடத்தைச் சிறு சிறு படிகளாக அடுக்கிய ஏணிப்படியும், அந்தப் படிகளுக்குரிய வேலை அட்டைகளும் கொண்ட முறை வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் அந்த முறையிலிருந்து பெறப்பட்டதுதான். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். சிறு பள்ளிக்கென்று பிறந்த முறையைப் பெரிய பள்ளிகளுக்கு ஆணையாக அனுப்பும்போது, அட்டைகள் போய்ச் சேர்ந்துவிடும். அவற்றைத் தம் கையால் செய்தபோது ஆசிரியர் பெற்ற தெளிவு போய்ச் சேர்வதில்லை. ஆகவே சில அட்டைகளையாவது நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் படித்த காலத்தில் சட்டாம்பிள்ளைதான் பாதிப் பாடம் நடத்துவான். இப்போது பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஏதோ புதிய கண்டுபிடிப்புப்போலப் பேசப்படுகிறது. அது உண்மையிலேயே பயனுள்ளதா, ஆசிரியர் ஓய்வெடுக்க ஒரு வழியா? (ஒரு மூத்த வாசகர்)

பதில்: ஐயா, அது புதிதல்ல என்பதில் தாங்கள் சொல்வதே சரி. உலகத்துக்கு அதைக் கொண்டுபோனதிலும் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்குப் பங்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் உடன்படாததால், மேல் வகுப்புச் சிறுவன் ஒருவனைக் கொண்டு கீழ் வகுப்புக்கு எழுத்துகளைக் கற்பிக்க வைத்தார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அவர் நூல் வெளியிட்ட பின், அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. பின்னாளில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்து, ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஊரையே படிக்கவைக்கும் சிக்கன வழியாக அது மாறியது. வெறும் ஒப்புவித்தலாகித் தேய்ந்ததற்கு அதுவே காரணம்.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை ஒரு கழித்தல் கணக்கில் காட்டலாம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் 35 என்று எழுதுவார்கள். 2இலிருந்து 7 போகாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டுவிடுவார்கள். நான்காம் வகுப்பு அக்கா வந்து, "பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, இது 12 ஆகிவிடும், அது 4 ஆகிவிடும்" என்று சொல்லிக் கொடுப்பாள். விடை 25 வந்துவிடும். அடுத்த நாள் 50இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் மறுபடியும் குழப்பம். வாங்கியது ஒன்றல்ல, ஒரு பத்து என்பது அவனுக்குத் தெரியாது, பல நேரங்களில் அக்காவுக்கும் தெரியாது. ஐந்து குச்சிக்கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் வைத்து, ஒரு கட்டைப் பிரித்துப் பத்தாக எண்ணிக் காட்டுவது ஆசிரியரின் வேலை. அதை ஒரு முறை காட்டிய பிறகு, பத்துக் கணக்குகள் போட வைத்துத் திருத்துவதை அக்காவிடம் விட்டுவிடலாம்.

வாசிப்பில் இந்த ஏற்பாடு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. தட்டித் தடுமாறி வாசிக்கும் சிறுவனுக்குப் பெரியவர்கள் காட்டாத பொறுமையை, நேற்றுவரை தானும் அப்படி வாசித்த ஒரு பிள்ளை காட்டும். இரண்டு நிபந்தனைகள் மட்டும் வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எப்போதும் சட்டாம்பிள்ளையாகக் கூடாது, அதன் படிப்பும் முன்னேற வேண்டும். பிரம்பு யார் கையிலும் இருக்கக் கூடாது.

கேள்வி: நான்காம் வகுப்பில் என் மகன் ஒருவன்தான் இருக்கிறான். போட்டிக்கு ஆளில்லாமல் எப்படிப் படிப்பான்? (ஒரு தந்தை)

பதில்: எட்டு வயதில் போட்டி இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. முதல் மதிப்பெண் அவனுக்கே கிடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், மதிப்பெண்ணைப் பாராட்டுவதை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் எழுதிய நோட்டையும் இப்போதைய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனையே பார்க்கச் சொல்லுங்கள். நான் கவலைப்படுவது தோழமையைப் பற்றித்தான். சிறு பள்ளியில் சண்டை வந்தால் வேறு கூட்டத்தோடு போய்ச் சேர வழியில்லை, பேசாமல் இருந்தால் நாள் முழுவதும் தனிமைதான். ஆசிரியர் இதைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். விடுமுறை நாட்களில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுங்கள்.

கேள்வி: பதினான்கு பேர் படிக்கும் பள்ளியிலிருந்து என் மகள் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போகிறாள். இப்போதே இரவில் அழுகிறாள். என்ன செய்யலாம்? (ஒரு தாய்)

பதில்: பாடத்தைவிடப் பழக்கமே அவளுக்கு முதலில் இடிக்கும். இதுவரை ஒரே ஆசிரியருக்கு அவளுடைய எழுத்தும் குரலும் தெரியும், ஐயம் என்றால் எழுந்து பக்கத்தில் போய் நின்றால் போதும். இனிப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் ஆள் மாறுவார், கை தூக்கிக் கேட்டால்தான் பதில். தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் சிறு பள்ளியில் அவளுக்கு வந்திருந்தால், அது அங்கே கைகொடுக்கும். ஆனால் பலர் முன்னிலையில் உரக்கக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இருக்காது. இந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களில், காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது, வருகை தருபவரிடம் பள்ளியைப் பற்றிச் சொல்வது போன்ற வேலைகளை அவளுக்குக் கொடுக்கும்படி ஆசிரியரைக் கேளுங்கள். புதிய பள்ளிக்கு, பள்ளி நடக்கும் ஒரு நாளில், முன்கூட்டியே ஒரு முறை அழைத்துப் போங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, எந்த வாசல் வழியாக வெளியே வருவது என்று அவளையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் இத்தகைய சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும், அவற்றைக் குழந்தைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் ஊரிலிருந்து ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளை ஒருத்தி இருந்தால், முதல் வாரம் அவளோடு சேர்ந்து போக ஏற்பாடு செய்யுங்கள்.