ரீ: எச் பைலோரி கோர்ஸ் முடிச்சும் பிளட் டெஸ்ட் பாசிட்டிவ்

சகோ, எச் பைலோரிக்கு (வயித்துல தங்குற பாக்டீரியா கிருமி) 14 நாள் மாத்திரை முழுசா போட்டு ஒன்றரை மாசம் கழிச்சும் பிளட் டெஸ்ட் பாசிட்டிவ்னு வருது, மறுபடி ஆன்டிபயாட்டிக்கான்னு கேட்டிருக்கீங்க. ரிப்போர்ட்ல ஐஜிஜின்னு போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. அது கிருமிய பாக்குற டெஸ்டே இல்ல, அதுக்கு எதிரா உங்க உடம்பு உருவாக்குன ஆன்டிபாடிய பாக்குறது, கிருமி செத்தப்புறமும் மாசக்கணக்குல, சிலருக்கு வருசக்கணக்குல கூட ரத்தத்துல கெடக்கும். மருந்து வேலை செஞ்சுதான்னு பாக்க அத எழுதிக் குடுக்குறதே வேஸ்ட்.

நீங்க கேக்க வேண்டியது யூரியா ப்ரெத் டெஸ்ட், இல்லன்னா மலத்துல பாக்குற ஆன்டிஜென் டெஸ்ட் (கிருமியோட துணுக்கு இருக்கான்னு பாக்குறது). ப்ரெத் டெஸ்டுக்கு வெறும் வயித்துல போய் ஒரு பைல ஊதணும், யூரியா குடுப்பாங்க, முழுங்கிட்டு அரை மணி நேரம் போல கழிச்சு இன்னொரு பைல ஊதணும், அவ்ளோதான். கிருமி இருந்தா யூரியாவ உடைச்சுரும், அதுல வர்ற கார்பன் டை ஆக்சைடு மூச்சுல மாட்டிக்கும்.

ஆனா தினமும் பான்டோப்ரசோல் (வயித்து அமிலத்த குறைக்கிற மாத்திரை) போடுறேன்னு எழுதிருக்கீங்களே, அங்கதான் சிக்கல். டெஸ்டுக்கு 2 வாரம் முன்னாடியே அத நிறுத்தணும், ஆன்டிபயாட்டிக் முடிஞ்சு 4 வாரமாவது ஆகிருக்கணும் (உங்களுக்கு அது ஓகே), இல்லாட்டி கிருமி இருந்துட்டே நெகட்டிவ்னு வந்துரும். முன்னாடி அல்சர்ல ரத்தம் கசிஞ்சிருந்தாலோ ஆஸ்பிரின் போடுறவரா இருந்தாலோ மட்டும் டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க.

மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ (அயர்ன் மாத்திரை போட்டாலும் கருக்கும், அது வேற), எடை தானா எறங்குனாலோ இதுக்கெல்லாம் காத்திருக்காம உடனே டாக்டர பாருங்க, எண்டோஸ்கோபி தேவைப்படும்.