பழைய இஜ்-46எம் ஏர் பிஸ்டலை வீட்டிலேயே சரிசெய்து போட்டிக்குத் தயார் செய்ய முடியுமா?

கேள்வியின் சாரம் இது: கைமாறி வந்த பைகால் இஜ்-46எம், பல வருடம் பெட்டியில் கிடந்தது. பெல்லட் கீழே இறங்குகிறது, ஒரே இடத்தில் விழுவதும் இல்லை. குழல் தேய்ந்துவிட்டதா, வேகத்தைக் கூட்ட வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

முடியும். குழலைச் சந்தேகப்படுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நொடிக்கு 140 மீட்டர் சுமாரில் போகும் மெத்தென்ற ஈயப் பெல்லட் எஃகுக் குழலை அவ்வளவு சுலபத்தில் தேய்க்காது. ரஷ்யாவின் இஷெவ்ஸ்கில் செய்த இந்த பிஸ்டலில் கிழடுதட்டுவது ரப்பர்தான். கீழேயுள்ள நெம்புகோலைத் திறந்து ஒரே தடவை மூடினால் காற்று அடைபடும் வகை இது. அந்த ஒரு அழுத்தில் எவ்வளவு காற்று நழுவுகிறதோ அவ்வளவு வேகம் போச்சு. ஸ்பிரிங் பிஸ்டல் மாதிரி உள்ளே இறுகிக் கிடக்கும் பெரிய சுருள்வில் எதுவும் இல்லாததால், வீட்டு மேசையில் பிரிக்க இது நல்ல பிஸ்டல்.

பிரிப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடியுங்கள். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் வேலை பாதி முடிந்தது. நெம்புகோலை மெதுவாக மூடி ஐந்து, சட்டென்று மூடி ஐந்து என்று சுட்டுப் பாருங்கள். வேகமாக அழுத்தினால் காற்று சூடாகும் என்பதால் சின்ன வித்தியாசம் எப்போதும் இருக்கும். பெரிய வித்தியாசம் இருந்தால், மூடும்போதே பிஸ்டனின் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) ஓரமாகக் காற்று நழுவுகிறது. அடுத்து, காற்றடைத்து ஐந்து நொடியில் ஒன்று, ஒரு நிமிடம் காத்திருந்து ஒன்று. இரண்டாவது இறங்கினால் அடைத்த காற்று எங்கோ கசிகிறது. எங்கே என்று தெரிய, பெல்லட் போடாமல் காற்றடைத்து, பாதுகாப்பான திசையில் பிடித்து, விரலை விசையிலிருந்து விலக்கி, குழல் வாயில் கொஞ்சம் சோப்பு நீரைத் தடவுங்கள். அந்தப் படலம் குமிழாக உப்பினால் வால்வு ஒழுகுகிறது. உப்பாமல் வேகம் மட்டும் குறைந்தால் பிஸ்டன் பக்கம். பெல்லட் போடும் வாய்க்கு மேல் டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துச் சுடுங்கள். அது துள்ளினால் அங்குள்ள சீல் போய்விட்டது.

வால்வு ஒழுகினால் உடனே கழற்ற வேண்டாம். பெரும்பாலும் ஒரு தூசியோ உலர்ந்த கிரீஸ் துணுக்கோதான் வால்வு அமரும் இடத்தில் சிக்கியிருக்கும். பெல்லட் இல்லாமல் பத்து, பதினைந்து தடவை அடைத்து விடுங்கள், ஊதித் தள்ளிவிடும். காற்று பிஸ்டலை இப்படி வெறுமனே சுட்டால் கேடில்லை. ஸ்பிரிங் பிஸ்டலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே பிஸ்டன் போய் மோதும்.

பிஸ்டன் பக்கம் என்றால் பிரித்தாக வேண்டும். முதலில் பெல்லட் பிடிக்கும் பெட்டிக்குள் ஒருமுறை சுட்டு, உள்ளே காற்று இல்லை என்று உறுதிசெய்யுங்கள். காற்றடைத்த நிலையில் நெம்புகோலைத் திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம் அதை உதைத்துத் தள்ளும், விரல் நசுங்கும். முன்பக்கக் கீலின் பின்னைப் பித்தளைப் பஞ்ச் (பின்னைத் தள்ளும் கம்பி) வைத்துத் தட்டி எடுத்தால் நெம்புகோலும் இணைப்புக் கம்பிகளும் பிஸ்டனும் சேர்ந்து வெளியே வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுங்கள். பின் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது மூன்று நாள் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஓ-ரிங் அளவை இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி வாங்காதீர்கள்; முன்னால் வைத்திருந்தவர் வேறு எதையாவது மாட்டியிருக்கலாம். டிஜிட்டல் காலிப்பரால் சிலிண்டரின் உள்விட்டத்தையும், பிஸ்டன் பள்ளத்தின் அடிவிட்டத்தையும் அளந்து, கழித்து, இரண்டால் வகுத்தால் ஓ-ரிங்குக்கான இடம் கிடைக்கும். உதாரணமாக அது 2.1 மி.மீ. என்றால், 2.4 மி.மீ. தடிமன் உள்ள வளையம் 12.5 சதவீதம் நசுங்கி உட்காரும். ஓடும் சீலுக்கு 10 முதல் 15 சதவீதம் போதும். அதைத் தாண்டினால் நெம்புகோல் கல் மாதிரி இறுகும், வளையமும் சீக்கிரம் தேயும். நைட்ரைல் ரப்பரில் 70 ஷோர் (ரப்பரின் கடினத்தன்மை அளவு) சாதாரணம். 90 ஷோர் பிடிவாதமானது, ஆனால் பள்ளத்தின் இடைவெளிக்குள் பிதுங்காது. பாலியூரித்தேன் தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் அதன் சில வகைகள் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுத்து உதிரும். கடற்கரை ஊர்க்காரர்கள் நைட்ரைலே வாங்கலாம். ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் சில ரூபாய்தான். நான்கைந்தாக வாங்கி வையுங்கள்.

மாட்டும்போதுதான் பலரும் புது வளையத்தைக் கெடுக்கிறார்கள். சிலிண்டரில் காற்று நுழையும் துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். புது ரப்பர் அதைத் தாண்டும்போது ஒரு மெல்லிய சீவல் போய்விடும். விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கீறினால் 1000 எண் எமரித் தாளைக் குச்சியில் சுற்றி விளிம்பை மட்டும் மழுக்குங்கள், சிலிண்டர் சுவரைத் தேய்க்காதீர்கள். பிறகு தூள் ஒன்றுகூட இல்லாமல் துடைக்க வேண்டும்.

ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ், மினுக்கும் அளவுக்கு மட்டும். இணைப்புப் பின்களுக்கு மாலிப்டினம் கிரீஸ். இரும்பு இரும்போடு உரசும் இடத்தில் சிலிக்கோன் நிற்காது. டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். உடனே வழுக்கும், பிறகு பிசினாக மாறும், சீலுக்கும் நல்லதில்லை. காய்ந்த பழைய ரப்பரை ஊதவைக்கும் சீலர் எண்ணெய் விட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அது நாலு மாத வைத்தியம்.

மூடிய நிலையில் பிஸ்டன் முகத்துக்கும் சிலிண்டர் முடிவுக்கும் நடுவே மிஞ்சும் வெற்றிடத்தையும் கவனியுங்கள். கணக்குக்கு 100 மி.மீ. ஓட்டம், மிச்ச இடம் 4 மி.மீ.க்குச் சமம் என்று வையுங்கள்: சுமார் 25 மடங்கு அழுத்தம். மிச்சம் 5 ஆனால் 20 மடங்கு. ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. தேய்ந்த இணைப்புப் பின்கள் செய்வது இதைத்தான். அதனால் ஓ-ரிங் மாற்றியும் வேகம் முழுதாகத் திரும்பவில்லை என்றால் பின்களையும் அவற்றின் துளைகளையும் பாருங்கள்.

வேகத்தைக் கூட்டுவது பற்றி: தேவையில்லை. காற்றின் தடையை ஒதுக்கிக் கணக்கிட்டால், நொடிக்கு 125 மீட்டர் வேகப் பெல்லட் 10 மீட்டரில் 31.4 மி.மீ. சுமாருக்கு இறங்கும், 130 மீட்டர் வேகப் பெல்லட் 29 மி.மீ. பின்சைட்டை (குறிபார்க்கும் பின்வெட்டு) சில கிளிக் திருப்பினால் முடிந்தது. ஆனால் ஒரே தொடரில் ஒன்று 125, ஒன்று 130 என்று மாறினால் அந்த 2.4 மி.மீ. வித்தியாசம் தாளில் தெரியும். பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. ஆகவே வேகம் மாறாமல் இருப்பதைத்தான் தேடவேண்டும். பல நாடுகளில் சக்திக்குச் சட்ட வரம்பும் உண்டு: ஜெர்மனியில் உரிமமின்றி வாங்க 7.5 ஜூல், பிரிட்டனில் பிஸ்டலுக்கு 6 அடி-பவுண்டு.

போட்டி விதிப்படி விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடை தேவைப்படவேண்டும். தண்ணீர் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து, பாட்டில், கொக்கி எல்லாம் சேர்த்து 510 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். காற்றடைத்து, பெல்லட் இல்லாமல், குழலை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, கொக்கியை விசையின் நடுவில் மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். விசை விழாமல் பாட்டில் தரையை விட்டு எழுந்தால் நிறைவு. மூன்று தடவை பாருங்கள். விசைக்கொக்கியின் (விசை இழுபடும்வரை உள்ளே பிடித்து வைக்கும் துண்டு) முகத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து மெருகேற்றும் யோசனை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மேலே உள்ள கடினப்பட்ட தோல் மெல்லியது, அது போனால் விசை தானாக நழுவத் தொடங்கும். திருகுகளால் சரிசெய்த பிறகு ரப்பர் சுத்தியலால் கைப்பிடியில் லேசாகத் தட்டிப் பாருங்கள். விசை விழுந்தால் திருகைப் பின்னோக்கித் திருப்புங்கள்.

காசு செலவழிக்க மனமிருந்தால் கைப்பிடியில் செலவழியுங்கள். தொழிற்சாலைப் பிடி யாருடைய கைக்கும் அளவெடுத்ததில்லை. கையில் வாசலின் தடவி, இடைவெளி தெரியும் இடத்தில் எம்-சீல் போன்ற எபாக்சியை 2, 3 மி.மீ. அடுக்காக ஒட்டி, சுடும் நிலையில் பிடித்து அழுத்துங்கள். ஒரு நாள் உலரவிட்டு அரம் போடுங்கள். ஒரே நாளில் முடிக்க ஆசைப்பட்டால் பிடி குண்டாகிவிடும். போட்டி விதிப்படி பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கவேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. இஜ்-46எம் 1.3 கிலோ சுமார், ஆகவே 200 கிராமுக்குள்தான் விளையாட்டு.

கடைசியாக முன்சைட். இலக்குத் தாளின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. கண்ணிலிருந்து ஒரு மீட்டரில் உள்ள முன்சைட்டுக்கு அது 6 மி.மீ. அகலமாகத் தெரியும். 4 முதல் 4.5 மி.மீ. அகல முன்சைட்டும், இருபுறமும் வெளிச்சம் தெளிவாகத் தெரியும் பின்சைட் வெட்டும் இருந்தால் கண் சீக்கிரம் களைக்காது. பழைய பின்சைட் திருகில் ஆட்டம் இருக்கும். எப்போதும் ஒரே திசையிலிருந்து திருப்பி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நாலு கிளிக் பின்னால் போய் மறுபடி வாருங்கள்.