தலைவர் கதிரை: கேள்வி பதில்

கூட்டுறவுப் பயிற்சியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என்று நிர்வாகங்களோடுதான் என் காலம் போனது. ஆட்களை வைத்து வேலை வாங்குவது பற்றி எதையும் கேளுங்கள். கட்சித் தலைமை பற்றி மட்டும் வேண்டாம். அதற்குப் பதில் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முழங்காவில்: தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாகிறார்களா?

ஸ்டொக்டில் என்ற உளவியலாளர் 1948 இல், தலைமை பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார். எங்கே விட்டாலும் ஒருவரைத் தலைவராக்கிவிடும் குணப்பட்டியல் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. ஓரிடத்தில் எடுபட்டவர் இன்னோரிடத்தில் எடுபடாமல் போகலாம் என்றார். மீன்வாடியில் கொடிகட்டிப் பறந்த படகுச் சம்மாட்டியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குத் தெரிவு செய்து பாருங்கள், விளங்கும்.

பரந்தன்: ஆடைத் தொழிற்சாலையில் புதிதாக மேற்பார்வையாளர் ஆகியிருக்கிறேன். லைனில் எல்லோரும் என்னைவிட மூத்த அக்காமார், நேற்றுவரை என்னோடு இருந்து தைத்தவர்கள். சொன்னால் கேட்பதில்லை. கத்தினால் அழுகிறார்கள்.

முதலில் கத்துவதை விடுங்கள் பிள்ளை. பிரெஞ், ரேவன் என்ற இருவர் 1959 இல் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, பரிசு, தண்டனை, தொழிலறிவு, ஆளின் மேல் உள்ள மதிப்பு. கம்பனி உங்களுக்குத் தந்தது பதவியும் கொஞ்சம் தண்டனையும். பரிசு பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. கடைசி இரண்டும் அந்த அக்காமாரிடம் இருந்துதான் வரவேண்டும்.

லைன் தலைப்பில் நின்று கூப்பிடாதீர்கள். ஒவ்வொருவரின் மெசினுக்கும் போய், எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்று கேளுங்கள். ஒருவர் ஊசி சரியில்லை என்பார், இன்னொருவர் வெட்டின துண்டு நேரத்துக்கு வருவதில்லை என்பார். உங்களால் முடிந்த ஒன்றை அன்றைக்கே செய்து கொடுங்கள். பிறகு கை நேர்த்தியான அக்கா ஒருவரிடம் போய், “புதுப்பிள்ளைக்குக் கொலர் பிடிக்க நீங்கள்தான் பழக்க வேணும் அக்கா” என்று கேளுங்கள். பிழை சொல்வதானால் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சரி வர ஒரு மாதமாவது எடுக்கும்.

உயர்தர மாணவி: முகாமைத்துவத்தின் தொழிற்பாடுகள் யாவை?

திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல். மிச்சத்தை வணிகக்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள்.

மல்லாவி: மாதர் சங்கத் தலைவி நான். சுழற்சிக் கடன் எடுத்த என் சொந்தக்காரி கட்டுகிறாள் இல்லை.

பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள். சொந்தக்காரி என்பதால் அந்த விடயம் பேசும்போது நீங்கள் தலைமை தாங்காமல் உபதலைவியை இருத்துங்கள். இன்னொன்று, எல்லோருக்கும் சொல்வது: எடுத்த தீர்மானத்தைக் கூட்டம் கலையும் முன் சத்தமாக வாசியுங்கள்.

வட்டக்கச்சி: சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசிக் காணிகளுக்குத் தண்ணீர் வருவதில்லை. தலைப்பில் உள்ளவர்கள் இரவில் மறித்துவிடுகிறார்கள். எங்கள் தலைவர் நல்ல மனுசன், கண்டிக்கத் தெரியாது. பழைய விதானை மாதிரி ஒருவர் வேண்டும் என்கிறேன்.

தண்ணீர் முறையைப் பார்த்த அந்த வயல் விதானைப் பதவியை 1958 நெற்காணிச் சட்டத்தோடு எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தாலும் உங்கள் பிரச்சினை தீராது.

முரசுமோட்டை: வகுப்புக்கு இது சரி ஐயா. எங்கட அப்பா காலத்தில விதானை வரம்பில வந்து நிண்டால் ஒருத்தரும் மடையில கைவைக்க மாட்டினம்.

“வந்து நின்றால்” என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மறிப்பது இரவில். 1939 இல் லெவின், லிப்பிற், வைட் என்ற மூன்று உளவியலாளர்கள் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாக்கி, முகமூடி போன்றவற்றைச் செய்யவிட்டுப் பார்த்ததும் இதுதான். கட்டளையிடும் தலைவரின் குழு அவர் நிற்கும்வரை நன்றாக வேலை செய்தது. அவர் வெளியே போனதும் வேலை விழுந்தது. கூடிப் பேசி முடிவெடுத்த குழுவில் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

வட்டக்கச்சி: பெடியள் முகமூடி செய்ததும் நெல்லும் ஒன்றா?

நல்ல கேள்வி. அப்படியானால் வாய்க்காலுக்கே வருவோம். 2009 இல் பொருளியல் நோபல் பெற்ற எலினர் ஒஸ்ட்ரமும் அவரோடு வேலை செய்தவர்களும் நேபாளத்து வாய்க்கால்களை ஒப்பிட்டார்கள். பொதுவாக, கமக்காரரே நடத்திய வாய்க்கால்களில் கடைசிக் காணிக்குத் தண்ணீர் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது, அரசாங்கம் நடத்தியவற்றில் குறைவு. நீண்டகாலம் தாக்குப்பிடித்த அமைப்புகளில் அவர் கண்ட பொதுவான விடயங்கள் சில: காவல் பார்ப்பவர் கமக்காரருக்குப் பதில் சொல்லவேண்டும், முதல் பிழைக்குச் சின்னத் தண்டனை, திரும்பச் செய்தால் தண்டனையைக் கூட்டுவது, சண்டையை ஊரிலேயே கெதியாகத் தீர்ப்பது.

உங்கள் தலைவர் சத்தம் போடவேண்டாம். சிறுபோகக் கூட்டத்தில் தண்ணி முறையை மணித்தியாலக் கணக்கோடு எழுதி, வாசித்து, ஆட்கள் கூடும் கடையில் ஒட்டச் சொல்லுங்கள். இரவுக் காவலுக்குத் தலைப்பில் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று சோடியாக விடுங்கள். தண்டப் பணத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள், தலைவரின் மச்சானுக்கும் அதே தொகைதான். அந்த முதல் மச்சானிடம் வாங்கும்வரை ஊர் நம்பாது.

முரசுமோட்டை: அப்ப நீங்கள் வந்து காவல் நில்லுங்கோ.

நுளம்பு வலை தந்தால் வருகிறேன். விதானைக் கதை இதோடு முடிந்தது.

துணுக்காய்: தலைமைத்துவம் பிறவிக் குணமா?

முழங்காவிலுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நெடுங்கேணி: நல்ல தலைவருக்குரிய பத்துக் குணங்கள்?

பத்து என்று சொல்லி வகுப்பு நடத்துபவருக்குக் காசு கட்டாதீர்கள்.

மாங்குளம்: பிறவியிலேயே தலைமைக் குணம் உள்ளவரை எப்படி அடையாளம் காண்பது?

முழங்காவில்!

ஒட்டுசுட்டான்: பல வருடமாக நானே தலைவர். விலகுகிறேன் என்றால் “நீங்களே இருங்கோ” என்கிறார்கள்.

அவர்களுக்கு அது வசதி, வேலை மிச்சம். பொதுக்கூட்டத்துக்கு முன் வரும் சில மாதக் கூட்டங்களை உபதலைவர் நடத்தட்டும், நீங்கள் பின்வாங்கில் இருங்கள். அவர் தடுமாறும்போது வாய் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். திணைக்களத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே முகம் தெரியவேண்டும். புதியவர் வந்த பிறகு திறப்பை உங்கள் வீட்டில் வைத்திருக்காதீர்கள். வங்கிக் கையொப்பம் மாற்றும் தீர்மானத்தையும் அதே பொதுக்கூட்டத்தில் எழுதி, கலையும் முன் வாசித்துவிடுங்கள்.