பதில்: புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை

ராமேஸ்வரத்தில் ரோட்டரி செயலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள், இருபது இலைக்குச் சொன்னால் ஏழு பேர்தான் வருகிறார்கள், படகுக்காரர்கள் தலைகாட்டுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வருத்தப்படாதீர்கள், கிழமைதான் கோளாறு. திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும் நாட்கள். மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன், டீசல், ஐஸ் என்று அலைபவர் எப்படி வருவார்? மறுநாள் காலை படகு கரைசேர்ந்ததும் மீன் விற்பனை.

வெள்ளிக்கு மாற்றுங்கள். ஆனால் ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு இலை போடுங்கள். எங்கள் சங்கத்தில் பன்னிரண்டரைக்கே பரிமாறியபோது, பள்ளிவாசலுக்குப் போய் வந்த நண்பர் ஆறிப்போன சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

வாராவாரம் கூடவும் வேண்டாம். 2016-இல் ரோட்டரி தலைமை அமைப்பே விதியைத் தளர்த்திவிட்டது, மாதம் இரண்டு கூட்டம் போதும். மிச்சமாகும் சாப்பாட்டுக் காசைக் கண் முகாமுக்கு ஒதுக்குங்கள். அதையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள், விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கருவிழி ஓரம் சதை வளர்ந்தவர்கள் நம் குப்பங்களில் நிறையப் பேர். அப்புறம், முகாம் நோட்டீஸை மீன் ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள்.