ஐந்து ஊர்களுக்கும் ஒரே திட்டம்: போதைப் பாவனைத் தடுப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, இலங்கை மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஆசிரியர்கள், ஆலய பரிபாலன சபையினர், இளைஞர் கழகத்தினர் சிலர் ஒன்றுகூடி, எமது பிள்ளைகளை மதுசாரம், புகையிலை, கஞ்சா, ஐஸ் (மெத்தம்பெட்டமின்) போன்றவற்றிலிருந்து காப்பதற்கான ஒரு பொதுத் திட்டத்தை வகுக்க எண்ணியுள்ளோம். இதுவரை ஒவ்வோர் ஊரும் தனித்தனியே ஊர்வலமும் கருத்தரங்கும் நடத்தி வந்தது. பலன் எதையும் காணவில்லை. ஜூன் 26ஆம் திகதி சர்வதேச போதைப்பொருள் ஒழிப்புத் தினத்தன்று பெரியதொரு பேரணியுடன் ஆரம்பிக்கலாம் என்பது பலரது விருப்பம். எங்கிருந்து தொடங்குவது, எதைச் செய்வது என்பதை விரிவாகக் கூற வேண்டுகிறேன்.
- ஆசிரியை ஒருவர், நோர்வூட்

பதில்: ஐந்து ஊர்களும் சேர வேண்டும் என்று நீங்கள் எடுத்த முடிவு மிகச் சரியானது. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் பிரிந்து, ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் செல்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கும் ரியூசன் வகுப்புக்கும் போவது இந்த வீதியில்தான். அவர்களைக் கெடுக்கும் பொருட்கள் வந்து சேர்வதும் இதே வீதியில்தான். ஓர் ஊர்க் கடைக்காரர் மனம் மாறி விற்பனையை நிறுத்தினாலும், பிள்ளை அடுத்த பஸ் நிறுத்தத்தில் இறங்கி வாங்கிக்கொள்வான். ஆனால் நிர்வாகமோ இந்த வீதியைத் துண்டு துண்டாகவே பார்க்கிறது. ஹட்டன்-டிக்கோயாவுக்கு நகர சபை இருக்கிறது. பழைய அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு, 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்று சபைகளாக இயங்குகிறது. தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகளும் வேறு வேறு. முழு வீதியையும் ஒருசேரப் பார்க்கும் கண் எவருக்கும் இல்லாத இடத்தில், உங்கள் குழுதான் அந்தக் கண்ணாக இருக்க வேண்டும்.

பேரணியைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன்: அதனுடன் தொடங்க வேண்டாம். போதைப் பாவனைத் தடுப்புக்கான சர்வதேசத் தரநிலைகளை ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றங்கள் தொடர்பான அலுவலகம் 2013இல் வெளியிட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து அதனைத் திருத்தி வெளியிட்டது. பிள்ளைகளைப் பயமுறுத்தும் சொற்பொழிவுகளும், ஒரே நாளோடு முடிந்துவிடும் நிகழ்ச்சிகளும், முன்பு போதைக்கு அடிமையாக இருந்தவரை மேடையேற்றித் தன் கதையைச் சொல்ல வைப்பதும் பலன் தருவதில்லை என்பது அதில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. நமது பாடசாலைகளில் நடக்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றாகவே இருக்கின்றன. எந்தப் பொருள் எப்படி இருக்கும், எப்படிப் பாவிப்பார்கள் என்று மேடையில் படம் காட்டி விளக்கும்போது, அதுவரை அதனைக் கேள்விப்பட்டிராத பிள்ளைக்கும் நாமே அறிமுகம் செய்து வைக்கிறோம். பேரணிக்குச் செலவாகும் உழைப்பையும் பணத்தையும் முதல் ஆறு மாத ஆய்வுக்கு ஒதுக்குங்கள்.

ஆய்வு என்றதும் அஞ்ச வேண்டாம். தரம் 8 முதல் தரம் 11 வரையுள்ள மாணவர்களிடம், பெயரோ சுட்டெண்ணோ எழுதாத வினாத்தாளொன்றை ஒரே வாரத்தில் எல்லாப் பாடசாலைகளிலும் கொடுக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் முன்கூட்டியே பெறப்பட வேண்டும். கேள்விகள் பிள்ளைகள் பேசும் சொற்களிலேயே அமைய வேண்டும். 'மதுசாரம்' என்று மட்டும் கேட்டால் பியரையும் கள்ளையும் கசிப்பையும் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள், 'புகையிலை' என்று மட்டும் கேட்டால் பாபுலையும் மாவாவையும் மறந்துவிடுவார்கள். முதன்முதலில் எந்த வயதில், யார் கொடுத்து, எந்த இடத்தில் என்பதைக் கேளுங்கள். பாடசாலை விட்ட பின் மாலைப்பொழுது எங்கே கழிகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், மனம் விட்டுப் பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது உண்டா என்பவற்றையும் அவசியம் கேளுங்கள். முடிவுகள் இரண்டு மாதத்துக்குள் அந்தந்த அதிபரிடம் கொடுக்கப்பட வேண்டும். ஊருக்குச் சொல்லும்போது ஐந்து ஊர்களின் மொத்தக் கணக்கை மட்டும் சொல்ல வேண்டும். தன் பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று ஓர் அதிபர் அஞ்சினாலும் அடுத்த முறை வாசற்கதவு திறக்காது.

இந்த வழி ஏற்கனவே சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். அமெரிக்காவில் 7 மாநிலங்களைச் சேர்ந்த 24 சிறு நகரங்களை 2003இல் தேர்ந்தெடுத்து, சோடி சோடியாகப் பிரித்து, 12 நகரங்களில் மட்டும் ஊரவரே உறுப்பினர்களாக உள்ள ஒரு சபையை அமைத்து, மாணவர் ஆய்வின் அடிப்படையில் தம் ஊருக்குரிய சில முக்கிய காரணங்களை அவர்களே தெரிவுசெய்து வேலை செய்ய விட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த 12 நகரங்களின் பிள்ளைகளிடையே குடியையும் புகைத்தலையும் புதிதாகத் தொடங்குவது மற்ற 12 நகரங்களைவிடக் குறைந்தது. ஐஸ்லாந்தில் கிடைத்த பலன் இன்னும் பெரியது. அங்கே 1998இல் 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதமானோர் முந்தைய மாதத்தில் ஒரு முறையாவது குடித்து வெறித்திருந்தனர். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. சட்டம், பெற்றோர், விளையாட்டு, ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் ஆய்வு ஆகிய நான்கையும் விடாமல் சேர்த்துப் பிடித்ததே அதற்குக் காரணம். இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன என்பதை உங்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆய்வு எதைக் காட்டினாலும், கடைகளைத் தொடாமல் எதுவும் நடக்காது. சில பெட்டிக்கடைகளின் வாசலில் நூலில் கட்டித் தொங்கவிட்ட லைட்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிகரெட்டை ஒவ்வொன்றாக விற்பதற்காகவே அது தொங்குகிறது. ஒரு பெட்டி வாங்கக் காசில்லாத பிள்ளைக்கும் ஒன்று வாங்கக் காசு இருக்கும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின்படி, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு இவ்விரண்டையும் விற்பது குற்றமாகும். "அப்பாவுக்குத்தான் வாங்குகிறேன்" என்று பிள்ளை சொன்னாலும் கடைக்காரர் விற்பது குற்றம்தான். இச்சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரம் பொலிசாருக்கும் மதுவரி உத்தியோகத்தருக்கும் மட்டுமல்லாமல், நம்மிடையே நடமாடும் பொதுச் சுகாதார பரிசோதகருக்கும் உண்டு. ஆனால் எடுத்த எடுப்பிலேயே வழக்குப் போட வேண்டாம். ஐந்து ஊர் வர்த்தகர் சங்கங்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துவதாக உடன்பாடு காணுங்கள். தான் நிறுத்தினால் எதிர்க்கடைக்காரர் விற்பார் என்ற கவலையே பல நல்ல வியாபாரிகளைத் தடுக்கிறது. உடன்பட்ட பிறகும் விற்பவர் எவராயினும் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

கடைக்கு அடுத்ததாக நாம் பார்க்க வேண்டியது பெரியவர்களாகிய நம்மை. சிகரெட் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பும் தகப்பனை யாரும் குறை சொல்வதில்லை. பல தோட்டங்களில் மரணம் நிகழ்ந்தால், குழி வெட்டப் போகும் இளைஞர்களுக்குச் சாராயப் போத்தல் கொடுப்பது மரியாதையாகவே கருதப்படுகிறது. அந்தக் கூட்டத்தோடு போகும் பதினான்கு, பதினைந்து வயதுப் பையனுக்கும் அன்றுதான் முதல் மிடறு கிடைக்கிறது. பையன் கேட்டு வாங்குவதில்லை. ஊரே பார்த்திருக்க அவன் கையில் கொடுக்கப்படுகிறது. இதை மாற்றப் பணம் தேவையில்லை; தோட்டத் தலைவரும் மரண உதவிச் சங்கமும் கூடி, போத்தலுக்குப் பதிலாகத் தேநீரும் சாப்பாடும் என்று தீர்மானித்தால் போதும். ஆலயத் திருவிழா, தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரம், மாதச் சம்பள நாள் ஆகியவற்றுக்கும் இவ்வாறே முன்கூட்டித் தீர்மானங்கள் தேவை. ஆகவே உங்கள் திட்டத்தின் நாட்காட்டியை ஜூன் 26ஐ நடுவே வைத்துப் போடாமல், தோட்டத்துச் சம்பள நாட்களையும் ஐந்து ஊர்த் திருவிழாத் திகதிகளையும் வைத்துப் போடுங்கள்.

மாலைப்பொழுதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. தாய் மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை, அல்லது தாய் வெளிநாட்டிலும் தகப்பன் கொழும்பிலும் இருக்கும் வீட்டில் நாள் முழுவதும், பிள்ளை பாட்டியின் பொறுப்பில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறான். ஒரே காம்பரா உள்ள வீட்டில் படிக்க இடமில்லை. வெளியே இறங்கினால் வீதியோரம். பயன்படாமல் கிடக்கும் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) கட்டடத்தையோ ஆலய மண்டபத்தையோ மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை திறந்துவிட்டு, உயர்தரம் படித்த பிள்ளைகள் இருவரைச் சிறு கொடுப்பனவுடன் அமர்த்தினால், அதுவே நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த தடுப்பு வேலை. முன்பு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிட 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் அந்தச் சாக்கை எந்தச் சபையும் சொல்ல முடியாது. எழுத்து மூலம் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பாடசாலையும் இல்லை, வேலையும் இல்லை என்ற அந்த இடைவெளியில் அவர்களை எந்தத் திட்டமும் எட்டுவதில்லை.

கேள்வி: எங்கள் நகரில் மதுபானம் விற்கும் ஒருவர், இவ்வாறான திட்டமொன்றின் விளையாட்டுப் போட்டிக்கு முழுச் செலவையும் ஏற்பதாகக் கூறுகிறார். நல்ல மனிதர். ஏற்கலாமா?
- இளைஞர் கழக உறுப்பினர், மஸ்கெலியா

பதில்: ஏற்கக் கூடாது. மதுசாரம், புகையிலை ஆகியவற்றின் உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ விநியோகத்தரோ விளையாட்டு, கல்வி, கலாசார நிகழ்வுகளுக்கு அனுசரணை வழங்குவதை மேற்கூறிய 2006ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. சில்லறை விற்பனையாளரின் பணமாக இருந்தாலும், அதைப் பெற்றுக்கொண்ட பின் அவரது கடையைப் பற்றி உங்கள் குழு வாய் திறக்க முடியாது. அவர் உண்மையாகவே நல்ல மனிதர் என்றால், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதில்லை என்ற உடன்பாட்டில் முதற் கையொப்பம் இடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர். எங்கள் தோட்டத்தில் போதை ஒழிப்புக் குழுவினர், குடிப்பவர்கள் எல்லோரையும் கோயிலுக்கு அழைத்து, அன்றிலிருந்தே நிறுத்துவதாகச் சத்தியம் வாங்கப் போகிறார்கள். கடவுளுக்குப் பயந்தாவது நிறுத்துவார் என்று நம்புகிறேன். இது நல்லதுதானே?
- குடும்பத் தலைவி, பொகவந்தலாவை

பதில்: அம்மா, உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் தயவுசெய்து அதற்கு முன் தம்பியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பல வருடங்கள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் அதனைத் தாங்காமல் போகலாம். முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாதவற்றைக் கண்டு அலறுவார்கள். இதனைப் பேய் பிடித்ததாக எண்ணி வீட்டிலேயே வைத்திருந்து உயிரைப் பறிகொடுப்பதும் உண்டு. இது மருந்தால் தடுக்கக்கூடிய ஆபத்து. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் சென்று, எவ்வளவு காலமாக, நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தொலைபேசியில் ஆலோசனை பெற, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கமும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் உள்ளன.

சத்தியம் வாங்க எண்ணும் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் முதலில் தோட்ட வைத்திய உதவியாளர் பார்க்கட்டும். ஆபத்தில்லை என்று அவர் சொல்பவர்களை மட்டும் கோயிலுக்கு அழையுங்கள். சத்தியத்தை மீறியவரை ஊர் முன் அவமானப்படுத்தவும் வேண்டாம். குடிநோய் திரும்பத் திரும்ப வரும் நோய். அவமானப்பட்டவர் அடுத்த முறை உதவி கேட்டு வர மாட்டார்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒவ்வொரு தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர். ஒருவர் கூட்டிய கூட்டத்துக்கு மற்றவர் வர மாட்டார். நகரத்துச் சிங்கள, முஸ்லிம் வர்த்தகர்களும் இதனைத் தோட்டத்துப் பிரச்சினை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பொதுத் திட்டம் சாத்தியமா?
- ஓய்வுபெற்ற அதிபர், டிக்கோயா

பதில்: சாத்தியம்தான், ஆனால் கூட்டத்தை யார் கூட்டுகிறார் என்பதிலேயே அதன் ஆயுள் தங்கியிருக்கிறது. எந்தத் தொழிற்சங்கத்தின் பெயரிலும், எந்த அரசியல்வாதியின் தலைமையிலும் அழைப்பு போகக் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெயரில் அழைப்பு அனுப்பினால் எவரும் மறுக்கக் காரணம் இருக்காது. கூட்டம் பாடசாலையில் நடக்கட்டும். கொடி, பதாகை, மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். தலைமைப் பொறுப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊர் மாறி ஊர் வரட்டும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் தலைவரோடு மாதர் சங்கத்திலிருந்து ஒரு பெண்ணும் கட்டாயம் வர வேண்டும் என்று முதலிலேயே விதியாக்கிக்கொள்ளுங்கள். தலைவர் வராத நாளிலும் அந்தப் பெண் வருவார் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் குடியின் விலையை மாதாமாதம் செலுத்துபவர் அவர்தான்.

வர்த்தகர்களைப் பொறுத்தவரை, அறிக்கைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள். கூட்டத்திலும் இரு மொழிகளிலும் பேசுங்கள். ஐஸ் என்ற அந்தப் பொருள் லயத்துக்கும் நகரத்து மாடி வீட்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தம் பிள்ளையைப் பற்றி வெளியே பேச வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். பெயரற்ற மாணவர் ஆய்வில் நகரத்துச் சிங்கள, முஸ்லிம் பாடசாலைகளையும் சேர்த்துக்கொண்டால், அந்த வெட்கம் இல்லாமலே அவர்களது பிள்ளைகளின் நிலைமையும் மேசைக்கு வந்துவிடும். அதற்கான அனுமதிக் கடிதத்தை மற்றப் பாடசாலைகளின் கடிதங்களோடு சேர்த்து, ஒரே நாளில், ஒரே கோப்பில் கல்விப் பணிமனையில் ஒப்படையுங்கள்.